பக்கத்து ஆசனத்தில் இருந்ததாக நான் கொடுத்த பொய் வாக்குமூலம்

அனுப்புநர்:
சின்னத்துரை தில்லைநாதன்,
வாடகை வான் சாரதி,
குளக்கட்டு வீதி,
கண்டாவளை.

பெறுநர்:
பொறுப்பதிகாரி அவர்கள்,
பயணிகள் வாடகை வாகன அனுமதிப் பிரிவு,
கிளிநொச்சி.

பொருள்: செல்வி தி. கௌசலாவுக்கு மறுக்கப்பட்ட வாடகை ஓட்டோ சாரதி அனுமதியை மீளப் பரிசீலிக்கக் கோருதலும், எனக்குப் புதுப்பித்துத் தரப்பட்ட அனுமதியை இரத்துச் செய்யக் கோருதலும், என் மீது நானே செய்யும் முறைப்பாடும்.

மதிப்புக்குரிய ஐயா,

இந்த மனுவை முதலில் மாவட்டக் கச்சேரி அலுவலகப் பக்கம் மனு எழுதித் தரும் ஒருவரைக் கொண்டுதான் எழுதுவித்தேன். அவருடைய கையெழுத்து அச்சடித்தது போல இருந்தது. ஆனால் "அனுபவமற்ற ஓர் ஏழைப் பெண்பிள்ளை அறியாமல் செய்த தவறை மன்னித்து" என்று அதில் ஒரு வரி இருந்தது. தவறு செய்தது பெண்பிள்ளை அல்ல, அவளுடைய தகப்பன் என்று சொன்னேன். அப்படி எழுதினால் காரியம் கெட்டுப்போகும், கருணை கேட்டு எழுதுவதுதான் வழக்கம் என்று அவர் புத்தி சொன்னார். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை நானே எழுதுகிறேன். என் கையெழுத்து கோணல்மாணலாக இருப்பதையும், மனு நீண்டுவிட்டதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். சுருக்கமாகச் சொல்லிப் பார்த்தேன். சுருக்கியபோதெல்லாம் நான் நல்லவனாகிவிடுகிறேன்.

1. எனக்கு வயது ஐம்பத்துமூன்று. பத்தொன்பது வருடமாக வாடகைக்கு வான் ஓட்டிச் சீவிக்கிறேன். மனைவி இராசேஸ்வரி. ஒரே மகள் கௌசலா, வயது இருபத்தாறு. இந்தப் பத்தொன்பது வருடத்தில் என் பெயரில் ஒரு வழக்கும் இல்லை, ஒரு தண்டமும் இல்லை. இந்த வாக்கியத்தைக் கல்யாண வீடுகளிலும், செத்த வீடுகளிலும், சந்தியில் நிற்கும் மற்றச் சாரதிகளிடமும் நான் பெருமையாகச் சொல்லித் திரிந்திருக்கிறேன். இன்று எழுதக் கை கூசுகிறது.

2. கடந்த 30.06.2025 திங்கட்கிழமை நானும் மகளும் தங்கள் அலுவலகத்துக்கு ஒன்றாக வந்தோம். நான் என் அனுமதியைப் புதுப்பிக்க வந்தேன். அவள் வாடகை ஓட்டோ ஓட்டுவதற்குப் புதிதாக அனுமதி கேட்டு வந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே படிவம் தரப்பட்டது. ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, ஒரு பேனையை மாறி மாறி வாங்கி நிரப்பினோம். படிவத்தின் ஒன்பதாம் கேள்வி, வாகனம் செலுத்திய குற்றத்துக்காகக் கடந்த ஐந்து வருடத்துக்குள் நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டுள்ளீரா என்பது. நான் "இல்லை" என்று எழுதினேன். கடதாசிப்படி அது சரியான பதில். அவள் "ஆம்" என்று எழுதினாள். அதுவும் கடதாசிப்படி சரியான பதில். அவள் அந்தச் சொல்லை எழுதும்போது நான் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

3. தங்கள் அலுவலர் எங்கள் இருவரையும் மரியாதையாகவே நடத்தினார். ஆளுக்குக் காயம் விளைவித்த குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டவர் ஐந்து வருடம் முடியும்வரை பயணிகளை வாடகைக்கு ஏற்ற முடியாது என்ற விதியை மகளுக்கு எடுத்துச் சொல்லி, மறுப்புக் கடிதத்தைக் கையில் கொடுத்தார். எனக்குப் புதுப்பித்த அனுமதியைத் தந்தார். என்னைப் போல எல்லாரும் வாகனம் ஓடினால் தங்களுக்கு வேலையே இருக்காது என்றும் சிரித்துக்கொண்டு சொன்னார். அவரில் ஒரு பிழையும் இல்லை. அந்த விதியிலும் பிழை இல்லை. தான் ஏறும் வண்டியை ஓட்டுகிறவன் முன்பு ஆரையாவது இடித்து விழுத்தியவனா என்று தெரிந்துகொள்ள ஏறுகிற சனத்துக்கு உரிமை இருக்கிறது. விதி சரியானதுதான் ஐயா. பிடிபட வேண்டிய ஆளைத்தான் நான் மாற்றிவிட்டேன்.

வெளியே வந்து வானில் ஏறப்போனேன். மகள் என்னோடு வரவில்லை. திரும்பிப் பார்த்தால் அவள் மறுபடி உள்ளே போய்வருகிறாள். கையில் என்னுடைய அனுமதி. அவள் சொன்னது இவ்வளவுதான்: "அப்பா, உங்கட பத்திரத்தை மேசையில விட்டிட்டு வாறியள்." முறைக்கவில்லை, அழவில்லை. மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக் கொண்டுவந்து தந்தாள். அதற்குப் பிறகு வீடு வந்து சேரும்வரை அவளுடைய முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. இந்த மனு அன்றைக்கே தொடங்கிவிட்டது.

4. இனி நடந்ததைச் சொல்கிறேன்.

11.06.2023 ஞாயிற்றுக்கிழமை தண்ணீரூற்றில் ஒரு கல்யாணம். மணப்பெண் கௌசலாவோடு படித்தவள். எங்கள் ஊரிலிருந்து போன ஆட்களை என் வானில் ஏற்றிப்போனேன். அவர்கள் அங்கேயே தங்க, பின்னேரம் நானும் மகளும் மட்டும் திரும்பினோம்.

எங்கள் பக்கத்தில் கல்யாண வீட்டுக்கு வாடகை வாகனம் கொண்டுபோகிறவர்களுக்கு வளவின் பின்பக்கம் தனியாக ஒரு மேசை போடுவார்கள். வீட்டுக்காரர் அதை மரியாதைக்காகச் செய்கிறார். வந்த சாரதியைச் சும்மா அனுப்பினால் தங்களுக்குக் குறை என்று நினைக்கிறார்கள். சாரதிகளாகிய நாங்களும் அந்த மேசையில் இருக்காமல் வந்தால் ஏதோ இழந்துவிட்டது போலப் பேசிக்கொள்வோம். அந்த மேசையில் இருந்து எழும்பித்தான் நாங்கள் எல்லாரும் சனத்தை ஏற்றிக்கொண்டு திரும்புகிறோம். இதைத் தாங்கள் அறிந்திருப்பீர்களோ தெரியாது. அறியாவிட்டால் இப்போது அறிந்துகொள்ளுங்கள்.

இந்த இடத்தில் நான் "சிறிதளவு மது அருந்தியிருந்தேன்" என்று முதலில் எழுதியிருந்தேன். வாசித்த என் மனைவி அந்தச் சொல்லைப் பேனையால் வெட்டிவிட்டாள். ஆகவே சரியாக எழுதுகிறேன். மூன்று கிளாஸ் சாராயம் குடித்தேன். மகள் வந்து, தான் வானை ஓடட்டுமா என்று கேட்டாள். அவளுக்கு அதற்கு எட்டு மாதத்துக்கு முன்தான் சாரதி அனுமதிப்பத்திரம் கிடைத்திருந்தது. மற்றச் சாரதிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெட்டைப்பிள்ளை ஓட நான் பக்கத்தில் இருந்து போவதா என்று எனக்கு ரோசம் வந்தது. "போய் ஏறு" என்றேன்.

5. தண்ணீரூற்றிலிருந்து முல்லைத்தீவுப் பக்கம் வரும் வீதியில், பின்னேரம் நாலரை மணியிருக்கும், நல்ல வெளிச்சம். எதிரே மோட்டார் சைக்கிளில் மீன்பெட்டி கட்டிய ஒருவர் தன் பக்கத்தால் ஒழுங்காக வந்தார். கொக்கிளாயைச் சேர்ந்த திரு. அருளப்பு என்பவர். மீன் விற்று முடித்து வெறும் பெட்டியோடு வந்துகொண்டிருந்தார். என் வான் அவருடைய பக்கத்துக்குப் போனது. மாடு குறுக்கே வரவில்லை. ரயர் வெடிக்கவில்லை. பிறேக்கும் நல்லாயிருந்தது. நான் போனேன், இடித்தேன்.

கௌசலாதான் முதலில் இறங்கி ஓடினாள். தன் சால்வையைக் கழற்றி அவருடைய காலைக் கட்டினாள். தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு அம்புலன்சுக்குக் கோல் எடுத்தாள். நான் அவள் பின்னால் நின்றேன். கிட்டவுள்ள வீடுகளிலிருந்து ஆட்கள் இன்னும் வரவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் அவளிடம் சொன்ன வார்த்தைகளை இரண்டு வருடமாக ஒருவரிடமும் சொன்னதில்லை. மாற்றாமல் எழுதுகிறேன்:

"பிள்ளை, நீ ஓடினதெண்டு சொல்லு. என்ர லைசன்ஸ் போனா வீட்டில அடுப்பு எரியாது. உன்ர லைசன்ஸ் அலுமாரிக்குள்ள கிடக்கிறதுதானே."

ஐயா, சாரதிகளுக்குள் ஆள் மாற்றிக் கொடுப்பது புதிய விடயம் அல்ல. தொழில் ஓடுகிறவனுடைய பத்திரம் பழுதாகக் கூடாது, வீட்டில் சும்மா கிடக்கிற பத்திரம் ஒன்று இருந்தால் அதைக் கொடுக்கலாம் என்று நாங்கள் சந்தியில் நின்று சாதாரணமாகக் கதைப்போம். மனைவியின் பத்திரம், மகளின் பத்திரம், தங்கையின் பத்திரம். பெண்பிள்ளைகள் அதை எடுத்ததே ஒரு ஆசைக்கு, கல்யாணம் கட்டினால் மறந்துவிடுவார்கள் என்றுதான் எங்கள் எண்ணம். என் மகளுடையதையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தேன். அவள் அந்தப் பத்திரத்துக்காக எத்தனை விடியற்காலை எழும்பிப் பழகினாள் என்று எனக்குத் தெரியும். பழக்கியவனே நான்தான்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "முதல் இந்த ஐயாவைப் பாருங்கோ அப்பா" என்றாள். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

6. பொலிசார் வந்தபோது அவளை ஊதச் சொல்லிப் பார்த்தார்கள். அவளில் ஒன்றும் இல்லை. என்னை ஒருவரும் ஊதச் சொல்லவில்லை. நான்தான் ஓட்டவில்லையே. கல்யாண வீட்டுத் தட்டத்தில் இருந்து எடுத்துவந்த வெற்றிலையை வாய் நிறைய அதக்கிக்கொண்டு நின்றேன். பக்கத்து ஆசனத்தில் நித்திரையாக இருந்ததாகவும், சத்தம் கேட்டுத்தான் எழும்பியதாகவும் நா கூசாமல் வாக்குமூலம் கொடுத்துக் கையெழுத்து வைத்தேன்.

வழக்கு மூன்று தவணை நடந்தது. மூன்றாம் தவணையில் என் மகள் குற்றத்தை ஒப்புக்கொண்டாள். தண்டமும் நட்டஈடும் விதித்து, அவளுடைய பத்திரத்தை ஆறு மாதம் நிறுத்தி வைத்தார்கள். காசை நான் கட்டினேன். அதைக்கூட, பிள்ளை செய்த பிழைக்குத் தகப்பன் கட்டத்தானே வேண்டும் என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

தீர்ப்புச் சொன்ன அன்று நீதவான் அவளுக்கு அறிவுரை கூறினார். தகப்பனார் இத்தனை வருடம் ஒரு குற்றமும் இல்லாமல் ஓடுகிறார், அவரிடம் கேட்டு நிதானமாக ஓடப் பழக வேண்டும் என்றார். தகப்பனார் வந்திருக்கிறாரா என்றும் கேட்டார். நான் பின்வரிசையில் வெள்ளைச் சேர்ட்டோடு எழுந்து நின்று, சரி என்று தலையாட்டினேன். ஐயா, மூன்று கிளாஸ் குடித்ததைவிட, இடித்ததைவிட, பொய் சொன்னதைவிட, அந்தத் தலையாட்டலை நினைக்கும்போதுதான் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

7. இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதல் எழுதிய தாளில் இதை விட்டுவிட்டேன். இது சட்டப்படி குற்றமோ தெரியாது.

வழக்கு முடிந்த பிறகு சந்தியில் சக சாரதிகள் என் மகளைப் பற்றிப் பகிடி விட்டார்கள். பெண்டுகள் ஸ்டியரிங்கைப் பிடித்தால் இப்படித்தான், இனி வானை அவளிடம் கொடுத்துவிடாதே, சண்டைக்குப் பிறகு வன்னிச் சனம் மிஞ்சியிருக்கிறதே கொஞ்சம், அதுவாவது பிழைக்கட்டும் என்றார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். ஒருநாள் அல்ல, பலநாள். பிறகு அந்தப் பகிடியை நானே தொடங்கி வைக்கிற அளவுக்கு வந்துவிட்டேன். கடைக்கு வந்த கௌசலா ஒருமுறை அதைக் கேட்டுக்கொண்டே சைக்கிளில் கடந்து போனாள். எனக்குத் தேநீர் வாங்கித் தந்தவர்கள் அவள் போவதைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள். நான் தேநீரைக் குடித்து முடித்தேன்.

ஊரில் அவளுக்கு "ஆளை இடிச்ச பிள்ளை" என்று பெயர். பேசிவந்த ஒரு சம்பந்தமும் அதோடு நின்றுபோனது. ஆறு மாதம் கழித்துப் பத்திரம் திரும்பி வந்தபோது அதை அவளே கொண்டுபோய் அலுமாரிக்குள், தன் சேலைகளுக்கு அடியில் வைத்தாள். நான் அன்று சொன்னபடியே ஆயிற்று.

8. கடந்த மாசி மாதம் எங்கள் கிராம மாதர் சங்கத்துக்கு ஓர் ஓட்டோ கிடைத்தது. கர்ப்பிணித் தாய்மாரைக் கிளினிக்குக்கும், பின்னேர வகுப்பு முடிந்து வரும் பெண்பிள்ளைகளை வீட்டுக்கும் கொண்டுபோய் விடுவதற்காகத் தந்த வாகனம் அது. ஒரு பெண்தான் ஓட்ட வேண்டும் என்பது தந்தவர்களுடைய நிபந்தனை. சங்கத் தலைவி திருமதி பிரேமிளா எங்கள் வீட்டுக்கு வந்து கௌசலாவைக் கேட்டார். ஊரில் சாரதிப் பத்திரம் உள்ள பெண் அவள் ஒருத்திதான். அவள் இரண்டு கிழமை பதில் சொல்லவில்லை. பிறகு ஒரு காலையில் அலுமாரியைத் திறந்து பத்திரத்தை எடுத்துக்கொண்டு சங்கத்துக்குப் போனாள். அன்று வீட்டுக்கு வந்தவளுடைய முகத்தில் இரண்டு வருடமாக இல்லாத ஒரு வெளிச்சத்தைக் கண்டேன். நானும் சந்தோசப்பட்டேன். வெட்கம் கெட்டவன், எல்லாம் தானாகச் சரியாகிவிட்டது என்றுகூட நினைத்தேன்.

தங்கள் அலுவலகத்தின் மறுப்புக் கடிதத்தை அவள் பிரேமிளாவிடம் காட்டினாள். மேன்முறையீடு செய்வோம் என்று அவர் சொன்னதற்கு, "விடுங்கோ அக்கா, சட்டம் சட்டம்தானே" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாளாம். பிரேமிளா இதை என்னிடம் சொன்னது, தகப்பன் என்ற முறையில் நான் அவளைத் தேற்ற வேண்டும் என்பதற்காக. எதிர்வரும் 31.07.2025க்குள் அனுமதி உள்ள பெண் சாரதி ஒருவரைக் காட்டாவிட்டால் அந்த ஓட்டோ வேறு கிராமத்துக்குப் போய்விடும். அவளுடைய பெயர் எங்கள் ஊரில் நிமிர அந்த ஓட்டோவைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

9. பிரேமிளா சொல்லிவிட்டுப் போன அன்றே என் மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். அவள் அதுவரை நான் சொன்னதைத்தான் நம்பியிருந்தாள். தாய் என்ற உரிமையில், கவனமாக ஓடியிருக்கக் கூடாதா என்று இரண்டு வருடம் மகளை ஏசியும் இருக்கிறாள். அந்த ஏச்சையெல்லாம் பிள்ளை ஒரு சொல்லும் திருப்பிச் சொல்லாமல் வாங்கிக்கொண்டது. நான் சொல்லி முடித்ததும் மனைவி எழும்பினாள். குசினிக்குள் போய்ப் பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று தேங்காய் துருவிக் கொடுத்தாள். அவள் விம்முகிற சத்தம் எனக்கு விறாந்தைக்குக் கேட்டது. மறுநாள் இந்த எழுதுதாள்களை என் முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "எழுதுறதெண்டா முழுசா எழுதுங்கோ. அரைவாசி எழுதி அவளை இன்னொருக்கா மாட்டி வைக்காதேங்கோ."

10. 06.07.2025 ஞாயிற்றுக்கிழமை கொக்கிளாய்க்குப் போனேன். திரு. அருளப்பு பூசை முடிந்து வந்து முற்றத்தில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். அவருடைய வலது கால் சரியாகப் பொருந்தவில்லை. தடி இல்லாமல் நடக்க முடியாது. மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டார். கடலுக்கும் போக முடியாது, மீன் கொண்டுபோய் விற்கவும் முடியாது, மற்றவர்களுடைய வலையைப் பொத்திக் கொடுக்கிறார். அவருடைய மனைவி திருமதி இராசாத்தி எனக்குக் கதிரை போட்டுத் தேத்தண்ணியும் தந்தார். காலை முறித்தவனுக்குக் கதிரை போடுகிற வீடு அது. நான் அந்தக் கதிரையில் இருக்காமல் நின்றுகொண்டே விசயத்தைச் சொன்னேன்.

அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுவிட்டுச் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "அது எனக்கு அண்டைக்கே தெரியும். ஸ்டியரிங்கில இருந்த உம்மட முகத்தைக் கண்டிட்டுத்தான் நான் விழுந்தனான். ஆசுப்பத்திரியில அந்தப் பிள்ளை வந்து என்ர காலைப் பிடிச்சுக்கொண்டு, சொல்லாதேங்கோ ஐயா, அப்பா தாங்கமாட்டார் எண்டவா. அவாவுக்காகத்தான் வாயை மூடினனான். உமக்காக இல்லை."

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் மகள் கிழமைக்கு இரண்டு தரம் அவரைப் பார்க்கப் போயிருக்கிறாள் என்பதும் எனக்கு அன்றுதான் தெரிந்தது. வகுப்புக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போயிருக்கிறாள். நான் ஒருமுறைதான் போனேன். அதுவும் அவர் பொலிசாரிடம் என்ன சொல்லிவிட்டார் என்று அறிவதற்காக. உண்மையை எழுதிக் கையெழுத்து வைத்துத் தருவீர்களா என்று கேட்டேன். இராசாத்தி அம்மா உள்ளே போய்ப் பேனையோடு வந்தார். அக்கடிதம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. எங்கே கூப்பிட்டாலும் வந்து சாட்சி சொல்வதாகவும் அவர் சொல்லியிருக்கிறார். கால் இயலாதபடியால் வாகனம் அனுப்பி அழைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

11. நீதிமன்றத் தீர்ப்பைத் தாங்கள் மாற்ற முடியாது என்பதை அறிவேன். சட்டத்தரணி ஒருவர் மூலம் சத்தியக்கடதாசி முடித்து, பொய் வாக்குமூலம் கொடுத்ததை 10.07.2025 அன்று பொலிசில் ஒப்புக்கொண்டுவிட்டேன். அதன் பிரதியும் இணைப்பில் உண்டு. வழக்கு மறுபடி நீதிமன்றத்துக்குப் போகவும் தீர்ப்புத் திருத்தப்படவும் மாதங்கள் எடுக்கும் என்றும், எனக்குச் சிறைத்தண்டனையும் கிடைக்கலாம் என்றும் சட்டத்தரணி சொன்னார். அது எனக்கு வரவேண்டியது. ஆனால் ஓட்டோ மாதக்கடைசி வரைதான் நிற்கும். ஆகவே தங்களிடம் நான் கேட்பது இதுதான். கௌசலாவின் விண்ணப்பம் முற்றாக மறுக்கப்படவில்லை, மீள்பரிசீலனையில் இருக்கிறது என்று மாதர் சங்கத்துக்கு ஒரு கடிதம் தாருங்கள். அந்தக் கடிதம் இருந்தால் வாகனத்தைத் தந்தவர்களிடம் தவணை கேட்கலாம் என்று பிரேமிளா சொல்கிறார்.

எனக்குத் தந்த அனுமதியை இரத்துச் செய்யுங்கள். அந்த அனுமதியையும் என் சாரதி அனுமதிப்பத்திரத்தின் மூலப்பிரதியையும் இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். என் படிவத்தின் ஒன்பதாம் கேள்விக்கு நான் எழுதிய பதிலை வெட்டிவிடுங்கள். முடிந்தால், இனி அச்சடிக்கும் படிவங்களில் அந்தக் கேள்விக்குக் கீழே இன்னொரு கேள்வியும் சேர்க்கும்படி பணிவுடன் சொல்கிறேன்: நீர் செய்ததற்காக வேறு யாராவது தண்டிக்கப்பட்டிருக்கிறார்களா? எல்லாரும் உண்மை எழுதுவார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அன்று அந்த வாங்கில், அவள் பக்கத்தில் இருந்துகொண்டு, அந்தக் கேள்விக்கு "இல்லை" என்று எழுத எனக்கே கை வந்திருக்காது என்று நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்லவும் முடியவில்லை.

பொய் சொன்னதற்காக என் மகள் மீதும் நடவடிக்கை வரலாம் என்று பயப்படுகிறேன். அவள் அதைத் தன் விருப்பத்தில் சொல்லவில்லை. நான் சொல்லச் சொன்னேன், சொன்னாள்.

12. இந்தக் கடைசிப் பந்தியை, மனைவி வாசித்துக் கடைசித் தாளில் கையெழுத்து வைத்த பிறகு, வேறு பேனையால், தங்கள் அலுவலக வாசலில் வானுக்குள் இருந்து எழுதுகிறேன்.

இதைக் கௌசலாவுக்குக் காட்டாமல் கொண்டுவந்து தரத்தான் நினைத்திருந்தேன். இன்று காலை நான் வெளிக்கிட்டபோது, கையில் என்ன என்று கேட்டாள். என்னால் இன்னொரு பொய் சொல்ல முடியவில்லை. வாங்கி, விறாந்தைக் கதிரையில் இருந்து முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை வாசித்தாள். நான் முற்றத்தில் நின்றேன். வாசித்து முடித்து, பதினோராம் பந்தியின் கடைசியில் விரலை வைத்துச் சொன்னாள்: "நீங்கள் சொல்லச் சொன்னியள்தான். ஆனா சொன்னது நான். அதையும் எழுதிவிடுங்கோ." ஆகவே அதையும் எழுதிவிட்டேன். அவள் பங்கை அவள் மறுக்கவில்லை. அதற்கு என்ன வந்தாலும் தானே முகம் கொடுப்பதாகச் சொல்கிறாள்.

நான் வானைக் கிளப்பத் திறப்போடு வெளியே வந்தேன். அவள் கையை நீட்டினாள். "திறப்பைத் தாங்கோ அப்பா. உங்கட லைசன்ஸ் உறைக்குள்ள எல்லோ கிடக்கு" என்றாள். எனக்கு அதுவரை அந்த யோசனையே வரவில்லை.

அவள்தான் ஓட்டி வந்தாள். நாங்கள் வழமையாக நிற்கும் சந்தியைக் கடக்கும்போது சக சாரதிகள் எல்லாரும் நின்றார்கள். கை காட்டினார்கள், சிரித்தார்கள். நான் யன்னலைப் பூட்டவில்லை. தலையைக் குனியவும் இல்லை. அவள் சிக்னல் போட்டு, சந்தியில் நிதானமாக மெதுவாக்கி, ஒரு சைக்கிள்காரரைப் போகவிட்டுத் திருப்பினாள். பொலிசாருக்கு நான் அன்று சொன்ன அந்தப் பக்கத்து ஆசனத்தில் இன்றைக்குத்தான் இருந்து வந்திருக்கிறேன். நித்திரை கொள்ளவில்லை.

ஐயா, அவள் இப்போது வாசலில் வானை ஒழுங்காக ஓரம் கட்டிவிட்டு, நான் இதை எழுதி முடிக்கும்வரை காத்திருக்கிறாள். அவளுடைய பெயரில் நான் எழுதிவைத்த குற்றத்தை எடுத்து என் பெயரில் போடுவதற்குத் தங்களால் இயன்றதை மாதம் முடிவதற்குள் செய்து தரும்படி தலைகுனிந்து வேண்டி நிற்கிறேன்.

இணைப்புகள்: எனது வாடகை அனுமதி, எனது சாரதி அனுமதிப்பத்திரம், திரு. அருளப்பு அவர்களின் கடிதம், சத்தியக்கடதாசியின் பிரதி.

இடம்: கிளிநொச்சி
திகதி: 14.07.2025

இப்படிக்கு,
அன்று வாகனத்தை ஓட்டியவன்,
சி. தில்லைநாதன்

முழுவதும் வாசித்தேன். இனி வெட்ட ஒன்றும் இல்லை.
தி. இராசேஸ்வரி (மனைவி)